ஒலியிலிருந்து உருவத்திற்கு: ஈரிதழ் வால்வுப் பிதுக்கம் நோயாக அறியப்பட்ட வரலாறு (1887–2007)

ஆய்வுச் சுருக்கம்

இதய வால்வுக் கோளாறுகளுள் பரவலாகக் காணப்படுவது ஈரிதழ் வால்வுப் பிதுக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மருத்துவர்களின் செவிக்கு எட்டிவிட்ட இக்கோளாறு, 1960களில்தான் வால்வுக்கு உரியது என நிறுவப்பட்டது. 1970களில் மீயொலிக் கருவி வந்தபின் நோயாளிகளின் எண்ணிக்கை வியக்கத்தக்க அளவில் பெருகியது. 1980களின் பிற்பகுதியில் வால்வு வளையத்தின் உண்மை வடிவம் அறியப்பட்டதும் அந்த எண்ணிக்கை சுருங்கியது. கேட்டல், அசைபடம், மீயொலி, மக்கள்தொகை ஆய்வு ஆகிய நான்கு அறிதல் முறைகள் ஒவ்வொன்றும் இந்நோயின் எல்லையை எவ்வாறு மாற்றி வரைந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியின் கூர்மை மட்டும் நோயறிதலைச் சரியாக்குவதில்லை. இயல்பு எது என்பதை வரையறுத்த பின்னரே நோய் எது என்பது தெளிவாகும் என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஈரிதழ் வால்வு, கிளிக் ஒலி, முணுமுணுப்பு, பார்லோ, எதிரொலி இதயவரைவு, மிகை நோயறிதல், பிரேமிங்காம் ஆய்வு.

முன்னுரை

இதயத்தின் இட மேலறைக்கும் இடக் கீழறைக்கும் இடையில் இரண்டு மெல்லிய இதழ்களால் ஆன வாயில் ஒன்று உண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை திறந்து மூடும் இவ்வாயிலை, 16ஆம் நூற்றாண்டின் உடற்கூற்றியலாளர் வெசாலியஸ் கிறித்தவப் பேராயர்கள் அணியும் இருமுனைத் தலையணிக்கு ஒப்பிட்டார். 'மிட்ரல்' என்னும் ஐரோப்பியப் பெயர் அவ்வொப்புமையிலிருந்து தோன்றியது. தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் 'ஈரிதழ் வால்வு' என்னும் பெயரோ தலையணியைக் கருதாமல் வால்வின் அமைப்பையே சுட்டுகிறது. இக்கட்டுரை பேசும் கோளாறு அவ்விதழ்களிலேயே நிகழ்வதால், தமிழ்ப்பெயர் பொருளை விளக்குவதற்கு மிகவும் ஏற்றதாக அமைகிறது.

கீழறை சுருங்கும்போது இதழ்கள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி வாயிலை அடைக்கின்றன. அழுத்தம் மிகுந்த குருதி அவற்றை மேலறைப் பக்கம் தள்ளிவிடாதபடி, கீழறைச் சுவரிலிருந்து எழும் சிறு தசைத்தூண்களும் அவற்றிலிருந்து செல்லும் நாண் இழைகளும் இதழ்களை இழுத்துப் பிடிக்கின்றன. சிலருக்கு இதழ்களின் நடு அடுக்கில் கூழ் போன்ற பொருள் மிகுந்து, உறுதிதரும் கொல்லாஜன் இழைகள் சிதைவுறுகின்றன. அதனால் இதழ்கள் தடித்தும் தளர்ந்தும் போகின்றன; நாண்கள் நீள்கின்றன. அப்போது சுருக்கத்தின் நடுவில் இதழ்கள் வளையத்தைக் கடந்து மேலறைக்குள் புடைக்கின்றன. இதுவே பிதுக்கம். பொருத்தம் தவறினால் குருதி பின்னோக்கிக் கசியும்.

இவ்விளக்கம் இன்று எளிமையானதாகத் தோன்றலாம். ஆயினும் இதனை எட்ட மருத்துவ உலகிற்கு முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. எட்டிய பின்னும் அதன் எல்லையை வகுக்க மேலும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த இடைவெளிகளில் நோயுற்றோர் சிலர் நோயற்றவராகவும், நோயற்றோர் பலர் நோயுற்றவராகவும் கருதப்பட்டனர். ஆகவே இது மருத்துவக் கருத்து ஒன்றின் வரலாறாக மட்டும் நின்றுவிடாமல், மருத்துவர் சொல்லும் ஒரு சொல்லை நம்பி வாழ்ந்த மனிதர்களின் வரலாறாகவும் அமைகிறது.

செவி கேட்டதும் அறிவு கொண்டதும்

1816இல் பாரிசில் லெனெக் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கியதிலிருந்து இதயநோய் அறிதல் பெரிதும் செவியின் கலையாக விளங்கியது. இயல்பான இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு ஒலிகளை எழுப்பும். இவற்றுக்கிடையே கேட்கும் பிற ஒலிகளை இனங்கண்டு, அவற்றுக்குரிய உறுப்பை உய்த்துணர்வதே மருத்துவரின் திறனாக மதிக்கப்பட்டது. உய்த்துணர்ந்ததைச் சரிபார்க்க இருந்த ஒரே வழி பிணப்பரிசோதனை.

1887இல் பிரெஞ்சு மருத்துவர்களான குஃபேர், பார்பியோன் ஆகியோர் இவ்விரு ஒலிகளுக்கும் நடுவே, சுருக்கத்தின் இடைப்பகுதியில் கேட்கும் கூடுதல் ஒலி ஒன்றை விவரித்தனர். பின்னாளில் 'நடுச்சுருக்கக் கிளிக்' எனப் பெயர் பெற்ற ஒலி இதுவே. 1892இல் அமெரிக்க மருத்துவர் கிரிஃபித், சுருக்கத்தின் பிற்பகுதியில் மட்டும் கேட்கும் முணுமுணுப்பு ஈரிதழ் வால்வின் கசிவைக் காட்டுவதாக எழுதினார். உண்மைக்கு மிக அருகில் வந்த இக்கருத்து பரவலான ஏற்பைப் பெறவில்லை.

அதற்கு மாறான விளக்கமே நிலைபெற்றது. 1913இல் லியோன் நகரின் புகழ்பெற்ற இதயநோய் மருத்துவர் கலவர்தான், கிளிக் ஒலி கேட்கப்பட்டுப் பின்னர் இறந்த நோயாளிகளின் உடல்களைப் பரிசோதித்தபோது, நுரையீரல் உறைக்கும் இதய உறைக்கும் இடையே ஒட்டுகள் இருப்பதைக் கண்டார். ஒலி இதயத்திற்குள் பிறப்பதன்று, அவ்வொட்டுகள் இழுபடுவதால் வெளியே பிறப்பது என அவர் முடிவு செய்தார். அத்தகைய ஒலியும் அதனைத் தொடரும் முணுமுணுப்பும் தீங்கற்றவை என்னும் கருத்து இதனால் வலுப்பெற்று, அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் பாடமாகவே கற்பிக்கப்பட்டது.

கலவர்தானின் முடிவைக் கவனமின்மையின் விளைவு எனத் தள்ளிவிட இயலாது. அக்காலத்தின் உயர்ந்த சான்றாகக் கருதப்பட்ட பிணப்பரிசோதனையையே அவர் நாடினார். பிழை அச்சான்றின் இயல்பிலேயே இருந்தது. பிதுக்கம் என்பது அசைவின்போது மட்டும் தோன்றும் நிகழ்வு. கீழறை அழுத்தத்துடன் சுருங்கும் கணத்தில் புடைக்கும் இதழ், இதயம் நின்றபின் தன் இடத்தில் அமைதியாகக் கிடக்கும். ஒட்டுகளோ நின்ற இதயத்திலும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்ததைக் காதுக்குக் கேட்டதன் காரணமாகக் கொள்வது அந்நிலையில் இயல்பாகவே நிகழ்ந்தது. உடன்நிகழ்வு காரணமாகக் கொள்ளப்பட்ட இந்தத் தருக்கப் பிழை, எழுபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வடிவில் மீண்டும் நிகழ்ந்ததைப் பின்னர்க் காணலாம்.

ஜோகன்னஸ்பர்க்: ஒலிக்கு இடம் கிடைத்தல்

மாற்றம் ஐரோப்பாவின் பெரிய மருத்துவ மையங்களிலிருந்து வரவில்லை, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1961இல் ரீட் என்னும் மருத்துவர், கிளிக் ஒலி இதயத்திற்கு வெளியே பிறப்பதன்று, தளர்ந்திருந்த நாண் இழைகள் திடீரென விறைப்பதால் பிறப்பது எனத் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் கருத்துரைத்தார். தளர்ந்த பாய்மரத் துணியைக் காற்று சட்டென நிரப்பும்போது எழும் ஓசையை எண்ணினால் இக்கருத்து விளங்கும். ஆயினும் இது அப்போது கருதுகோளாகவே இருந்தது.

ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பார்லோவும் அவருடைய குழுவினரும் அதனைச் சான்றாக மாற்றினர். பிற்சுருக்க முணுமுணுப்பு உடைய நோயாளிகளின் இடக் கீழறையில் ஊடுகதிருக்குத் தென்படும் மருந்தைச் செலுத்தி, இதயத்தின் இயக்கத்தை அசைபடமாகப் பதிவு செய்தனர். சுருக்கத்தின் பிற்பகுதியில் மருந்து மேலறைக்குள் கசிவது படத்தில் தெரிந்தது. 1963இல் வெளிவந்த இவ்வாய்வு, தீங்கற்றதென ஐம்பது ஆண்டுகள் கற்பிக்கப்பட்ட முணுமுணுப்பு வால்வுக் கசிவின் ஒலியே என நிறுவியது. 1966இல் பார்லோவும் பாஸ்மனும் பின்னிதழ் மேலறைக்குள் புடைப்பதையும், இத்தகையோர் சிலருடைய மின்னிதயவரைவில் காணும் மாற்றங்களையும் இணைத்துத் தனியொரு நோய்க்குறித்தொகுதியாக விவரித்தனர். 'பார்லோ நோய்' என்னும் வழக்கு இதிலிருந்து வந்ததாகும்.

இக்கண்டுபிடிப்பு நோயாளியின் படுக்கையருகிலேயே சரிபார்க்கத்தக்கது என்பது குறிப்பிடத்தக்கது. பிதுக்கம் தொடங்கும் கணத்தைக் கீழறையின் கொள்ளளவு தீர்மானிக்கிறது. நோயாளி எழுந்து நிற்கும்போது இதயத்திற்குத் திரும்பும் குருதி குறைந்து கீழறை சிறுக்கிறது. அதனால் இதழ்களுக்கு உரிய இடம் குறைந்து அவை முன்னதாகவே புடைக்க, கிளிக் ஒலி முதல் இதய ஒலியை நோக்கி நகர்கிறது, முணுமுணுப்பும் நீள்கிறது. குந்தி அமரும்போது கீழறை விரிய, ஒலி பின்னுக்குச் செல்கிறது. உறைகளுக்கிடையிலான ஒட்டிலிருந்து பிறக்கும் ஒலி இவ்வாறு ஒழுங்குடன் இடம் மாறுவதற்குக் காரணம் கூற இயலாது. எனவே படக்கருவி இல்லாத சிற்றூர் மருத்துவரும் நோயாளியை அமர்த்தியும் நிறுத்தியும் இக்கோளாற்றை அறிய முடிந்தது. கருவி கற்பித்ததைச் செவி கற்றுக்கொண்ட அரிய தருணம் இது.

பெயரிடலும் பொருள் மயக்கமும்

நோய்க்கு இடம் கிடைத்தபின் பெயர் பற்றிய பூசல் தொடங்கியது. 1965இல் ரீடு, தால், வென்ட் ஆகியோர் இதழ்களின் கூழ்மச் சிதைவை முன்னிறுத்தித் 'தளர் வால்வு' என்றனர். 1966இல் அமெரிக்காவின் கிரைலியும் அவருடன் பணியாற்றியோரும் அசைபடச் சான்றின் அடிப்படையில் 'ஈரிதழ் வால்வுப் பிதுக்கம்' என்னும் பெயரை முன்மொழிந்தனர். அதுவே உலகெங்கும் நிலைத்தது.

இப்பெயரின் வெற்றியை பார்லோ முழு மனத்துடன் ஏற்கவில்லை. இதழின் உடற்பகுதி சற்றே புடைப்பது வேறு. இதழின் விளிம்பு தன் இணை விளிம்பை விட்டு நழுவி மேலறைக்குள் செல்வது வேறு என்பது அவர் வாதம். முன்னது பலரிடம் தீங்கின்றிக் காணப்படுவது. பின்னது கசிவுக்குக் காரணமாவது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கார்பென்டியரும் விளிம்பின் நழுவலையே பிதுக்கம் என வரையறுத்தார். ஒரே சொல் இரு நிலைகளுக்கும் வழங்கியதால், தீங்கற்ற புடைப்புக்குத் தீங்குள்ள நழுவலின் அச்சமும் வந்து சேர்ந்தது. பின்னாளைய மிகை நோயறிதலுக்கான வித்துகளுள் ஒன்று இப்பெயர் மயக்கம் எனலாம்.

சொவேட்டோவின் பள்ளிப் பிள்ளைகள்

இந்நோயறிதல் ஏன் இன்றியமையாததாயிற்று என்பதை உணர, அதே தென்னாப்பிரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வைக் காண வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த சொவேட்டோவில் நிறவெறி அரசின் கீழ் நெருக்கடியில் வாழ்ந்த கறுப்பின மக்களின் பள்ளிப் பிள்ளைகள் 12,050 பேரை, பார்லோ உள்ளிட்ட குழுவினர் பரிசோதித்தனர். 1975இல் வெளியான முடிவின்படி, 1,000 பேருக்கு 6.9 பேர் வாதக் காய்ச்சலால் விளையும் இதயநோய் உடையோராக இருந்தனர். அதே பிள்ளைகளிடையே கிளிக் ஒலியோ பிற்சுருக்க முணுமுணுப்போ உடையோர் 1,000 பேருக்கு ஏறத்தாழ 14 பேர் என 1976இல் அறிவிக்கப்பட்டது.

இவ்விரு எண்களும் அருகருகே நிற்பது கருதத்தக்கது. வாதக் காய்ச்சல் தாக்கிய பிள்ளைக்கு, நோய் மீளாதிருக்கப் பல ஆண்டுகள் பென்சிலின் ஊசி தேவை. பிதுக்கம் மட்டும் உடைய பிள்ளைக்கு அது தேவையில்லை. ஆனால் இரண்டும் ஈரிதழ் வால்வையே பற்றுவன. இரண்டிலும் முணுமுணுப்பு கேட்கும். வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் நிறைந்த பகுதிகளில் முன்னதைத் தவறவிட்டால் உயிருக்கே இடர். பின்னதை முன்னதாகக் கொண்டால் பிள்ளைப் பருவம் முழுவதும் வீண் மருத்துவம்.

இந்தியச் சூழலும் இதற்கு அயலானதன்று. பார்லோவின் கட்டுரை வெளிவந்த அதே 1963இல், சுஜய் ராய், ராமலிங்கசுவாமி உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் வாதக் காய்ச்சலால் இளவயதிலேயே விரைந்து முற்றும் ஈரிதழ் வால்வுக் குறுக்கத்தை மருத்துவ உலகிற்கு விவரித்தனர். ஒரே வால்வு, ஒரே ஆண்டு, ஒன்று வறுமையோடு பிணைந்த நோய், மற்றொன்று பெரும்பாலும் பிறப்புவழி அமைப்பு. இரண்டையும் பிரித்தறியும் செவி, மருத்துவ வசதி குறைந்த நாடுகளுக்கே மிகவும் தேவைப்பட்டது.

எதிரொலிக் கருவியும் பெருகிய நோயும்

1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாளரும் மீயொலி அலைகளை இதயத்தின்மீது செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியைப் பதிவு செய்தனர். தொடக்கச் சோதனைகளுக்கு அவர்கள் பயன்படுத்தியது மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் குறைகளைக் கண்டறிய வைத்திருந்த கருவியாகும். அறுவைக்கு முன் ஈரிதழ் வால்வின் நிலையை அறிவதே எட்லரின் முதல் நோக்கம். மார்பைக் கீறாமலும் குழாய் செலுத்தாமலும் வால்வின் அசைவைக் காண இதனால் வழி பிறந்தது. 1970 அளவில் பிதுக்கத்தையும் இம்முறையால் அறியலாம் என ஷா, கிராமியாக் ஆகியோர் காட்டினர்.

நோயாளிக்குத் துன்பமற்ற கருவி என்பதால், நோயற்றோரையும் அதனால் பரிசோதிக்க முடிந்தது. விளைவுகள் திகைப்பூட்டின. 1976இல் புரோகாச்சியும் பிறரும் 1,169 இளம்பெண்களைப் பரிசோதித்துப் பிதுக்கத்தின் அறிகுறிகள் 6.3 விழுக்காட்டினரிடம் உள்ளதாக எழுதினர். அதே ஆண்டில் மார்கியேவிச் குழுவினர் உடல்நலமுள்ள 100 இளம்பெண்களை எதிரொலி இதயவரைவால் ஆராய்ந்து 21 பேரிடம் பிதுக்கம் கண்டனர். ஒரே ஆண்டில், ஒத்த வயதினரிடையே, அறியும் வழி மாறியதால் நோயின் அளவு மும்மடங்காயிற்று. ஐந்தில் ஒருவருக்கு இருப்பதை நோய் என்பதா, இயல்பு என்பதா என்னும் வினா அப்போதே எழுந்திருக்க வேண்டும். ஆயினும் படத்தில் தெரிந்தது மறுக்க இயலாத சான்றாகத் தோன்றியதால், அவ்வினா ஏறத்தாழ பத்தாண்டுகள் பின்தள்ளப்பட்டது.

அச்சம் சேர்த்த சுமை

இக்காலத்தில் பிதுக்கத்தோடு பல துன்பங்கள் இணைக்கப்பட்டன. நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், மயக்கம், பீதித் தாக்கம் ஆகியவை இதன் அறிகுறிகளாகப் பட்டியலிடப்பட்டன. 1980இல் பார்னெட் குழுவினர், மூளைக் குருதியோட்டத் தடைக்கு உள்ளான 45 வயதுக்குட்பட்ட 60 பேருள் 40 விழுக்காட்டினருக்குப் பிதுக்கம் இருப்பதாக எழுதினர். இளையோருக்கு வரும் பக்கவாதத்திற்கு இதுவே காரணமோ என்னும் ஐயம் பரவியது.

பழைய நோய்களும் இவ்விளக்கத்திற்குள் இழுக்கப்பட்டன. அமெரிக்க உள்நாட்டுப் போரின் படைவீரர்களிடம் கண்ட படபடப்பையும் மார்புவலியையும் 1871இல் டா கோஸ்டா 'எரிச்சலுற்ற இதயம்' என விவரித்திருந்தார். முதல் உலகப்போரில் தாமஸ் லூயிஸ் அதே நிலையை 'முயற்சி நோய்க்குறித்தொகுதி' என்றார். 1976இல் வூலி என்பவர், இப்பெயர்களால் சுட்டப்பட்டோருள் சிலருக்கேனும் இருந்தது வால்வுப் பிதுக்கமாகலாம் எனக் கருதினார். போரின் அச்சத்தாலும் களைப்பாலும் துடித்த இதயங்களுக்கு நூறாண்டு கழித்து உடற்கூற்றுக் காரணம் ஒன்று வழங்கப்பட்டது.

இவ்விணைப்புகளின் அடிப்படைக் குறை எளியது. படபடப்பு உடையவரே இதயநோய் மருத்துவரை நாடுகிறார். நாடியவருக்கே எதிரொலி இதயவரைவு எடுக்கப்படுகிறது. எடுத்தவருள் பலருக்கு வால்வு புடைப்பதாகத் தெரிகிறது. படபடப்பு இல்லாதோர் பரிசோதிக்கப்படாமையால், அவர்களிலும் அதே விகிதத்தினருக்கு அப்புடைப்பு இருப்பது வெளிவருவதில்லை. கலவர்தான் ஒட்டுகளைக் கண்டு ஒலிக்குக் காரணமாக்கியதைப் போலவே, இங்கே புடைப்பைக் கண்டு துன்பத்திற்குக் காரணமாக்கினர். 1986இல் டெவரூ குழுவினர் இக்குறையைக் களைய நோயாளிகளின் குடும்பத்தாரை ஆராய்ந்தனர். அவர்கள் தம் துன்பத்தால் மருத்துவரை நாடி வந்தவர்கள் அல்லர். பிதுக்கம் உள்ள உறவினரையும் இல்லாத உறவினரையும் ஒப்பிட்டபோது, பிதுக்கத்துக்கு உரியனவாகச் சொல்லப்பட்ட துன்பங்களுட் பல இரு சாராரிடமும் ஒத்த அளவிலேயே காணப்பட்டன.

இடைப்பட்ட ஆண்டுகளில் இந்நோய்ப்பெயரைப் பெற்றோர் பலர். தம் இதயத்தில் குறை இருப்பதாக நம்பியவர் ஒவ்வொரு துடிப்பையும் கவனிக்கத் தொடங்குவது இயல்பு. கவனித்த துடிப்பு மேலும் படபடப்பாக உணரப்படுவதும் இயல்பு. நோயறிதலே நோயின் ஒரு பகுதியாக மாறும் இந்நிலையை எந்தப் படக்கருவியும் பதிவு செய்வதில்லை.

சேண வடிவ வளையம்

திருத்தம் மேலும் கூரிய கருவியிலிருந்து மட்டும் வரவில்லை. வடிவியல் பற்றிய அடிப்படை வினா ஒன்றிலிருந்தும் வந்தது. இதழ் வளையத்தைக் 'கடந்து' செல்கிறது எனக் கூற, வளையம் எங்கே உள்ளது என அறிய வேண்டும். அதுவரை வளையம் தட்டையானது எனக் கொள்ளப்பட்டது. தட்டையான வளையத்தை எந்தப் பக்கமிருந்து வெட்டிப் பார்த்தாலும் விடை ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில், நான்கு அறைகளும் தெரியும் கோணத்தில் பிதுக்கம் காட்டிய பலர், இதயத்தின் நீளவாட்டுக் கோணத்தில் இயல்பாகவே தெரிந்தனர்.

1987இலும் 1989இலும் லெவைன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுகள் இப்புதிரை அவிழ்த்தன. எதிரொலிப் படங்களை இணைத்து முப்பரிமாணத்தில் மீட்டுருவாக்கியபோது, வளையம் குதிரைச் சேணத்தின் வடிவில் இருப்பது தெரிந்தது. அதன் முன், பின் முனைகள் மேலறைப் பக்கம் உயர்ந்தும், இரு பக்கவாட்டு முனைகள் தாழ்ந்தும் உள்ளன. பொரித்த அப்பளத்தின் விளிம்பு ஒரு திசையில் உயர்ந்தும் அதற்குக் குறுக்கான திசையில் தாழ்ந்தும் வளைந்திருப்பதை இதற்கு ஒப்பிடலாம். நான்கறைக் கோணம் தாழ்ந்த முனைகளின் வழியே வெட்டுகிறது. அம்முனைகளை இணைக்கும் கோட்டிற்கு மேலே இயல்பான இதழும் புடைத்திருப்பதாகவே தோன்றும். நீளவாட்டுக் கோணமோ உயர்ந்த முனைகளின் வழியே வெட்டுகிறது. அக்கோட்டையும் கடந்து செல்லும் இதழே உண்மையில் வளையத்தைக் கடந்தது.

ஆக, பத்தாண்டுகளாகப் பிதுக்கம் எனப்பட்டவற்றுள் பெரும்பகுதி இயல்பான இதழும் இயல்பான வளையமும் சேர்ந்து காட்டிய தோற்றமே. கருவி பொய் காட்டவில்லை. இயல்பான வளையம் எவ்வடிவினது என்னும் வினாவை எழுப்பாமல் பிதுக்கத்தைத் தேடியதே பிழைக்குக் காரணம்.

பிரேமிங்காம்: எல்லை வகுத்தல்

புதிய அளவுகோல் 1999இல் மக்கள்தொகை அளவில் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948 முதல் நடந்துவரும் இதய ஆய்வின் இரண்டாம் தலைமுறையினர் 3,491 பேரை ஃபிரீடு குழுவினர் ஆராய்ந்தனர். நீளவாட்டுக் கோணத்தில் இதழ் வளையக் கோட்டை 2 மில்லிமீட்டருக்கு மேல் கடந்தால் மட்டுமே பிதுக்கம் எனக் கொள்ளப்பட்டது. இதழின் தடிப்பு 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பின் 'முழுமையான வகை' எனவும், குறைவாயின் 'முழுமையற்ற வகை' எனவும் பிரிக்கப்பட்டது. பிதுக்கம் உடையோர் 84 பேர், அதாவது 2.4 விழுக்காடு. இவர்களுள் முழுமையான வகையினர் 47 பேர், மற்ற வகையினர் 37 பேர். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை பிதுக்கம் உள்ளோரிடமும் இல்லாதோரிடமும் ஒத்த அளவிலேயே இருந்தன.

அதே இதழில் கிலான் குழுவினர் பக்கவாத ஐயத்தையும் ஆராய்ந்தனர். பக்கவாதமோ குறுகியகாலக் குருதியோட்டத் தடையோ உற்ற இளையோர் 213 பேருள் 1.9 விழுக்காட்டினருக்குப் பிதுக்கம் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவிலோ அது 2.7 விழுக்காடு. 1980இன் 40 விழுக்காடு இருபது ஆண்டுகளில் ஒப்பீட்டுக் குழுவின் அளவுக்கும் கீழே இறங்கியது.

எஞ்சிய இடர்

மிகை நோயறிதல் திருத்தப்பட்டதனால் நோயே இல்லை என்றாகிவிடாது. 1985இல் நிஷிமுரா குழுவினர் அறிகுறியற்ற அல்லது சிற்றளவு அறிகுறியுடைய 237 பேரைத் தொடர்ந்து கவனித்து, இதழ்கள் தடித்து மிகையாகத் தளர்ந்தோரிடமே கடுமையான விளைவுகள் திரள்வதைக் காட்டியிருந்தனர். நாண் அறுந்து கசிவு பெருகும் நிலையில் இதயம் விரிந்து செயலிழக்கும். கார்பென்டியர் 1983இல் தொகுத்துரைத்த சீரமைப்பு அறுவை, வால்வை அகற்றாமலே மிகையான இதழ்ப்பகுதியை நீக்கி, வளையத்தை வலுப்படுத்தி, இத்தகையோருக்குப் பெருந்துணை ஆயிற்று. பிதுக்கம் உடையோருள் மிகச் சிலருக்குக் கொடிய துடிப்பொழுங்குக் கேடு நேர்வதையும் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்துள்ளன.

நோயின் எல்லை சுருங்கியது மருத்துவ நடைமுறையையும் மாற்றியது. கசிவுடன் கூடிய பிதுக்கம் உடையோர் பல் மருத்துவத்திற்கு முன் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து உட்கொள்ள வேண்டும் என்பது நெடுங்கால அறிவுரை. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2007ஆம் ஆண்டு நெறிமுறை, இதய உள்ளுறை அழற்சியால் மிகக் கடும் விளைவுக்கு உள்ளாகக்கூடியோருக்கு மட்டும் அதனை வரையறுத்து, பிதுக்கத்தைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

முடிவுரை

1887 முதல் 2007 வரையிலான இவ்வரலாறு இரு எதிரெதிர்ப் பிழைகளைக் காட்டுகிறது. முதல் பிழையில் உண்மையான கசிவின் ஒலி தீங்கற்ற வெளியொலியாகக் கொள்ளப்பட்டது. இரண்டாம் பிழையில் இயல்பான இதழ் நோயுற்றதாகக் கொள்ளப்பட்டது. முன்னது குறை நோயறிதல்; பின்னது மிகை நோயறிதல். இரண்டுக்கும் வேர் ஒன்றே: உடன் காணப்பட்டதைக் காரணமாகக் கொள்ளுதலும், ஒப்பிடுவதற்கான இயல்பை வரையறுக்காமையும். பிணப்பரிசோதனையில் இயங்கும் இதயம் இல்லை. தொடக்ககால எதிரொலிப் படத்தில் வளையத்தின் உண்மை வடிவம் இல்லை.

திருத்தங்கள் நிகழ்ந்த முறையும் ஒன்றே. பார்லோ இதயத்தை இயங்கும் நிலையில் கண்டார். லெவைன் வளையத்தை முழு வடிவில் கண்டார். டெவரூவும் ஃபிரீடும் மருத்துவரை நாடாத மனிதரையும் கணக்கில் கொண்டனர். ஒவ்வொரு முறையும் விடுபட்டிருந்த ஒன்று சேர்க்கப்பட்டபோதே நோயின் உருவம் தெளிந்தது.

இன்று எதிரொலி இதயவரைவு சிறுநகர மருத்துவமனைகளிலும் எளிதில் கிடைக்கிறது. அறிக்கையில் 'பிதுக்கம்' என்னும் ஒரு சொல்லைக் கண்டு கலங்குவோருக்கு அச்சொல்லின் பின்னுள்ள வினாக்களே தேவையானவை: எக்கோணத்தில், எத்தனை மில்லிமீட்டர், இதழ் தடித்துள்ளதா, கசிவு எவ்வளவு? இவ்வினாக்களுக்கு விடை தரும் அறிக்கையே நோயறிதல் ஆகும். விடை தராத சொல், 1913இன் ஒட்டுகளைப் போலக் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றின் பெயராக மட்டுமே எஞ்சும்.